வண்டியோடு போன சித்தப்பா

பஸ் எங்கள் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். விற்ற பஸ் போகத்தான் செய்யும். அதை விற்ற சித்தப்பாவும் அதிலேயே ஏறிப் போனதுதான் யாரும் நினைக்காதது.

வாங்கியவர் ஒரு பேண்ட் மாஸ்டர். தன் குழுவையும் வாத்தியங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக அவருக்கு ஒரு பஸ் தேவைப்பட்டது. வெள்ளை மீசை, சாயம் போன தொப்பி; சித்தப்பாவை விட வயதில் சற்று மூத்தவர். அன்று அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டு, எஞ்சினைக் கிளப்பினார். சித்தியும் நானும் வாசலில் நின்றோம். சித்தப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயர்களைக் காலால் தட்டிப் பார்த்து, பின் கதவைச் சாத்தி, முன் கதவு வழியாக உள்ளே ஏறினார். இறங்கவில்லை.

"என்னங்க, இறங்குங்க. அவர் கிளம்பணும்" என்றாள் சித்தி.

"கிளம்பட்டும். யாரு வேண்டாம்னது?"

"நீங்க உள்ள இருக்கீங்களே!"

"ஒப்படைச்சுட்டு வந்துடறேன்" என்றார் சித்தப்பா, கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போல.

அப்போதுதான் அவர் காலடியில் இருந்த பையைப் பார்த்தோம். துண்டு, சவரப் பெட்டி, மாற்றுச் சட்டை எல்லாம் முந்தின நாளே மடித்து வைத்திருக்கிறார். வண்டி தெருமுனை திரும்பும் வரை சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பத்திரம் எழுதினது நீதானே? அதுல டிரைவரும் சேர்த்தின்னு எங்கேயாவது எழுதித் தொலைச்சியா, பாரு."

நான் அப்போது நெடும் பயணம் முடிந்து திரும்பி வந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். அடுத்து எங்கே, என்ன வேலை என்று ஒன்றும் முடிவாகவில்லை. என் பையின் பாதி இன்னும் பிரிக்கப்படாமலே இருந்தது. சித்தி எனக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி. "ஊர்சுத்தி, சாப்பிட வா", "ஊர்சுத்தி, உன் துணியை எடு." பல நாட்டு அலுவலகங்களில் பல படிவங்களை நிரப்பிப் பழகியவள் என்பதால் விற்பனைப் பத்திரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

பத்திரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவர் இளவயதில் ஒரு பஸ் கம்பெனியில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். கழுவிய வண்டிகளைக் கொட்டகைக்குள் நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு அங்கேயே டிரைவர். கம்பெனி மூடப்பட்டு வண்டிகளெல்லாம் விலைக்கு வந்தபோது, தான் ஓட்டிக்கொண்டிருந்த அதே வண்டியை வாங்கிக்கொண்டார். ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு ஆட்களைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவதுதான் அவர் தொழில். விடியற்காலையில் ஒரு ஷிப்டைக் கொண்டுபோய் இறக்குவார். வேலை முடித்துக் களைத்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் வண்டி முழுக்கத் தூக்கம். கையில் மாவு வாசனையோடு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கும் அந்தக் கூட்டத்தைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவர் ஓட்டுவார். பள்ளம் வந்தால் பாலைக் கொண்டுபோகிறவர் மாதிரி இறக்கி ஏற்றுவார். அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. வண்டிக்கு அந்த ஆட்களே வைத்த பெயர் தொட்டில். "தொட்டில் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். நிறுத்தம் வந்ததும் தானே எழுந்து போய்த் தோளைத் தொட்டு, "அக்கா, வீடு வந்திருச்சு" என்பார்.

அந்த வண்டியில் தூங்காத ஒரே ஆள் சித்தி. எந்த வண்டியிலும் அவள் தூங்க மாட்டாள். முன்னிருக்கையில் உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் கண்ணால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே வருவாள். "எனக்குச் சம்பளம் வாங்காத இன்னொரு டிரைவர் இருக்கா" என்பார் சித்தப்பா. சித்திக்குத் தொழில் தையல். கித்தான் பை, மேசை உறை, நாற்காலி மெத்தை எல்லாம் வீட்டிலேயே தைப்பாள். தொட்டிலின் இருக்கை உறைகள் எல்லாமே அவள் கைவேலை. தைப்பாளே தவிர, அதில் நிம்மதியாக உட்கார்ந்தவள் இல்லை.

உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் பரிசோதனையில் சித்தப்பா தோற்றுவிட்டார். வீட்டுக்கு வந்து, "அந்த ஆஸ்பத்திரியில போர்டுல எழுத்தெல்லாம் மங்கலா அடிச்சு வச்சிருக்கான்" என்றார். சித்தி சுவர்க் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து சற்றுத் தள்ளி நின்று பிடித்தாள். அவரால் மாதத்தின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. கண்ணுக்கு மருந்து போட ஆரம்பித்தார்கள். வண்டிக்கு ஆள் தேட ஆரம்பித்தார்கள். தேடியது சித்திதான்.

பேண்ட் மாஸ்டர் வந்தார், வண்டியைப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். விற்பவர், வாங்குபவர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று. சேசிஸ் எண் வேண்டும் என்றேன். சித்தப்பா வெளியே போய் வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, விரலால் தடவித் தடவி ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். சித்தி ஜன்னலருகே நின்று அதை உள்ளே எனக்குக் கத்தினாள். பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"ஓடிய தூரம்?" என்றேன்.

"மீட்டர் நின்னு போச்சே."

"எப்போ நின்னுச்சு?"

"அது நின்னப்ப நான் ரோட்டைப் பார்த்துட்டிருந்தேன்."

மீட்டர் வேலை செய்யவில்லை என்று எழுதினேன். அடுத்த வரி தெரிந்த குறைகள். சித்தப்பாவின் முகம் மாறியது.

"குறைன்னு எல்லாம் எழுதாதே. பழக்கம்னு எழுது."

"அப்படி எழுத முடியாது சித்தப்பா. சட்டப்படி குறைன்னுதான் எழுதணும்."

"ரெண்டாவது கியர் கொஞ்சம் யோசிக்கும். அது குறையா? நீகூடத்தான் காலையில எழுந்ததும் யோசிக்கிறே."

பேண்ட் மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார். "எழுதும்மா, எழுது. எங்க குழுவுல எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு. இதையும் சேர்த்துக்கறோம்."

உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்ற வாசகத்தைப் படித்துக் காட்டினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சித்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சம்: வண்டி ஒப்படைக்கப்பட்ட நாளும் நேரமும், அதற்குப் பக்கத்தில் விற்பவரின் கையொப்பம்.

"இது எதுக்குத் தனியா?" என்றார் சித்தப்பா.

"அந்த நேரத்துக்கு அப்புறம் வண்டியால எது நடந்தாலும் அது வாங்கினவர் பொறுப்பு. அதுக்கு முன்னாடி வரைக்கும் உங்க பொறுப்பு."

சித்தப்பா அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "அப்போ இதை ஒப்படைச்சப்புறம் போடறேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை பஸ் கிளம்பும்போது போடுவார் என்று நினைத்தோம்.

நினைத்தது நாங்கள். அவர் நினைத்தது வேறு. பழைய கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஒரு டிரைவர் கையிலிருந்து இன்னொரு டிரைவர் கைக்கு வண்டி போகும்போது, பழையவர் புதியவரோடு கூடவே போவார். புதியவர் வண்டியோடு ஒத்துப்போய்விட்டார் என்று அவருக்குத் தோன்றுகிற இடத்தில், அது எந்த இடமாக இருந்தாலும், "வண்டி உங்களுது" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொள்வார். அதுதான் ஒப்படைப்பு. சாவியைக் கையில் கொடுப்பதெல்லாம் கணக்கில்லை. சாதாரணமாக ஒரு நடையில் முடிகிற காரியம் அது.

சித்தப்பா போய் ஒரு வாரம் ஆயிற்று. தினமும் தொலைபேசியில் சித்தி கேட்பாள்.

"எப்போ வரீங்க?"

"இன்னும் மழையில ஓட்டிப் பார்க்கலையே."

"மழை எப்போ வரும்?"

"அது என் கையிலயா இருக்கு?"

இரண்டாவது வாரம் மழை வந்தது. அடுத்து மலைப்பாதையில் பார்க்க வேண்டும் என்றார். மலைப்பாதையும் முடிந்தது. பிறகு அவர் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். "பார்க்கலாம்" என்பதோடு சரி.

இதற்குள் பேண்ட் மாஸ்டர் பத்திரத்தோடு பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஒப்படைத்த நாளும் நேரமும் காலியாக இருக்கிறது, பெயர் மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் மாறாமல் காப்பீடு இல்லை. சித்தப்பாவின் பெயரில் இருந்த காப்பீடோ அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை குழுவுக்கு ஒரு பெரிய பள்ளியின் விளையாட்டு விழாவில் அணிவகுப்பு வாசிப்பு. குழுவில் இருந்த எல்லாரும் கைக்காசைப் போட்டு வாங்கிய வண்டி. அந்த வாசிப்பை நம்பித்தான் வாங்கினார்கள். காப்பீடு இல்லாமல் ஆட்களை ஏற்ற மாஸ்டர் தயாராக இல்லை. "டிரைவர் சாரை நான் எப்படிம்மா அவசரப்படுத்துறது? தங்கமான மனுஷன். ஆனா எங்களுக்குச் சனிக்கிழமை போச்சுன்னா எல்லாமே போச்சு" என்று சித்தியிடம் தொலைபேசியில் சொன்னார்.

சித்தி தையல் இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டு மூடினாள். "கிளம்பு, ஊர்சுத்தி. உனக்குப் பிடிச்ச வேலைதான்" என்றாள்.

வியாழக்கிழமை சாதாரண பஸ்ஸில் ஏறிப் போனோம். வழி முழுக்க அவள் கம்பியை விடவில்லை. தின்பதற்கு வாங்கிய ரொட்டியை நான் பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் கொடுக்க வேண்டியிருந்தது.

பேண்ட் குழுவின் கூடம் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் போய் நிற்கவும் தொட்டில் மெதுவாக உள்ளே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழுவினர் அத்தனை பேரும், மடியில் வாத்தியங்களோடு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா நடுவழியில் நடந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டிரம் வாசிப்பவர் முன்னால் நின்றார்.

"நீங்க தூங்கல."

"தூங்கறேன் சார்."

"தூங்கறவன் பதில் சொல்ல மாட்டான்."

பின்னாலிருந்து டிரம்பெட் வாசிக்கும் அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதைத் தொடர்ந்து வண்டி முழுக்கச் சிரிப்பு.

மாஸ்டர் எங்களைத் தனியே அழைத்துப் போய், பத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு விளக்கினார். "மழை, மலை எல்லாம் பாஸ் ஆயிட்டேன்மா. கடைசியா ஒண்ணு சொல்லிட்டார். நான் ஓட்டறப்போ வண்டியில ஒருத்தராவது நிஜமாத் தூங்கணுமாம். அப்போதான் ஒப்படைப்பாராம். நாங்க பேண்ட்காரங்க. பஸ்ஸுல ஏறினா திம்போம், பாடுவோம், சண்டை போடுவோம். எங்க ஆளுங்க தூங்கினதா சரித்திரமே இல்ல. நானும் பேண்டுக்கு வர்றதுக்கு முன்னாடி தீயணைப்பு வண்டி ஓட்டினவன். பின்னாடி யாராவது தூங்கினா வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. நடிக்கலாம்னு பார்த்தா, அந்த மனுஷன் இமையைப் பார்த்தே கண்டுபிடிச்சுடறார்."

சித்தி கேட்டுக்கொண்டாள். சித்தப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே வண்டிக்குள் ஏறி, பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, "தலையைச் சாய்ங்க" என்றாள். அவர் சாய்த்தார். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, மற்றதற்கு ஒரு சொட்டு. மருந்து கன்னத்தில் வழிந்ததைத் தன் கட்டைவிரலால் துடைத்தாள்.

"மருந்து போட்டீங்களா இத்தனை நாளும்?"

"போட்டேன்."

"குப்பி வீட்டுலல்ல இருந்துச்சு. எதைப் போட்டீங்க?"

சித்தப்பா கண்ணை மூடியபடியே சிரித்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"மாஸ்டர் நல்லா ஓட்டுறாரா?" என்றாள் சித்தி.

"ஓட்டுறார். இப்போ நல்லாவே ஓட்டுறார்."

"அப்புறம் என்ன?"

"வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணப் போறேன், சொல்லு."

"என்கூட இருக்கப் போறீங்க."

"அது காலையில. மத்தியானம்?"

சித்தி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அந்த மனிதர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வண்டி இல்லாத காலை ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த நாள் அவர் எதற்காக எழுந்திருப்பார்? எழுதாமல் விட்டால், மாஸ்டருக்குச் சனிக்கிழமை இல்லை. இரண்டும் அவருக்குத் தெரியும். அதனால்தான் பாவம், யாராவது தூங்கட்டும், தூக்கம் வந்து இதை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் கடைசியாக ஒரு முறை மலைப்பாதையில் போய் வரலாம் என்றார். குழுவினர் நம்பிக்கை இல்லாமல் ஏறினார்கள். "நான் நேத்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன் சார், இன்னைக்கு நிச்சயம்" என்றார் டிரம்காரர். ஏறியதும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா முன்னால், மாஸ்டருக்குப் பக்கவாட்டில் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார். சித்தி ஏறினாள். வழக்கமான முன்னிருக்கைக்குப் போகாமல், நடுவில் ஒரு ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால்.

வண்டி ஊரைத் தாண்டியது. மரம் அறுக்கும் பட்டறைகள், தண்ணீர்த் தொட்டி, பிறகு ஏற்றம். மாஸ்டர் நிஜமாகவே நன்றாக ஓட்டினார். இரண்டாவது கியர் யோசித்தபோது அவரும் கூடவே பொறுமையாக யோசித்தார். மூன்றாவது வளைவு தாண்டியபோது டிரம்பெட் அம்மாள் என் தோளைத் தொட்டு முன்னால் கண் காட்டினார்.

சித்தியின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

செய்தி வரிசை வரிசையாகச் சத்தமில்லாமல் பரவியது. டிரம்காரர் வாயிலிருந்ததை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். யாரோ கிளாரினெட் பெட்டி உருளாமல் காலால் அணை கொடுத்தார்கள். வளைவில் எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. நான் சித்தியின் முகத்தைத்தான் பார்த்தேன். மாஸ்டர் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, லாரிக்கு வழி விட்டு, மறுபடி நகர்ந்தார். அவள் இமை அசையவில்லை.

சித்தப்பா கண்ணாடியில் பார்த்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடுவழியில் வந்து, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் நன்றாகக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னிடம் கையை நீட்டினார்.

"பத்திரம் எங்க?" என்றார், குசுகுசுவென்று.

கொடுத்தேன். இருக்கையின் முதுகில் வைத்து எழுதினார். "மணி என்ன?" என்று கேட்டு நேரத்தைப் போட்டார். கையெழுத்தும் போட்டார். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் போட்ட கையெழுத்து என்பதற்கு ஒரு கோணல்கூட இல்லை. அவ்வளவு சீராக வண்டி போய்க்கொண்டிருந்தது. முன்னால் போய்ப் பத்திரத்தை மாஸ்டருக்குப் பக்கத்தில் வைத்து, அவர் தோளருகே குனிந்து, "வண்டி உங்களுது மாஸ்டர். அடுத்த ஸ்டாப்புல நாங்க இறங்கிக்கறோம்" என்றார்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கும்.

நிறுத்தத்தில் வண்டி நின்றதும் சித்தியை எழுப்பப் போனார். தோளைத் தொட்டார். சித்தி கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் போலச் சுற்றும் முற்றும் பார்த்து, "வந்தாச்சா?" என்றாள்.

"வந்தாச்சு, வா" என்றார்.

ஆள் அரவம் இல்லாத மலைச்சரிவில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே மூன்று பேரும் இறங்கி நின்றோம். தொட்டில் மேலே ஏறிப் போயிற்று. குழுவினர் பின் கண்ணாடியில் நெருக்கியடித்துக்கொண்டு கையாட்டினார்கள்.

"சிக்னலை அணைக்காம போறாரே" என்றார் சித்தப்பா. கையை உயர்த்திக் கூப்பிடப் போனவர், பாதியில் இறக்கிக்கொண்டார். "போகட்டும். அவர் வண்டி, அவர் பாடு."

திரும்பும் பஸ் வர நேரமாயிற்று. சித்தி கைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். வீட்டுக்குப் போனதும் முன் அறையின் பழைய திரைகளையெல்லாம் கழற்ற வேண்டும், உயரமாக ஆள் வேண்டும் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். சித்தப்பா ரொட்டியைத் தின்றார்.

அன்று மாலைக்குள் பெயர் மாறி, காப்பீடும் கிடைத்தது. சனிக்கிழமை வாசிப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சித்தியைத் தனியாகப் பிடித்தேன்.

"சித்தி, நிஜமாத் தூங்கினீங்களா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உனக்கு எதுக்கு அது? ஊரைச் சுத்தறவளுக்கு வீட்டு விஷயம் எதுக்கு?" என்றாள். ஆனால் உதட்டோரம் துடித்தது. அவள் நடித்தாள், இமையைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவரைக் கட்டின மனைவி ஏமாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் சித்தப்பா விடியலுக்கு முன் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நின்றார். சித்தி அவரைத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு ஒரு நாள் அவளுக்குக் கித்தான் சுருளைப் பிடித்துக்கொடுத்தார். இன்னொரு நாள் தைத்ததைக் கடைக்குச் சுமந்துகொண்டு போனார். சிரிக்க ஆரம்பித்தார். நான் அங்கிருந்த வரை பார்த்தது அவ்வளவுதான். குளிர்காலம் வருவதற்குள் எனக்கு வெளிநாட்டில் ஒரு வேலை அமைந்தது. பிரிக்காத பாதிப் பையோடு மறுபடி கிளம்பினேன்.

போன இடங்களிலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். பஸ்ஸோடு போன கணவனைத் தூங்கி மீட்டுக்கொண்டு வந்த சித்தி என்று சொன்னால் எல்லா நாட்டுக்காரர்களும் சிரித்தார்கள். இதைச் சித்திக்கு ஒருமுறை எழுதியும் இருந்தேன். நாலைந்து வருடம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் சித்தப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டாவது கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைபேசியில் எழுத்துகள் தெரிய ஆரம்பித்த புதிதில் அவரே தட்டியது. புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை, நான்தான் போட்டுக்கொண்டேன்.

"நல்லா இருக்கியா அம்மா. டாக்டர் கட்டைப் பிரிச்சுட்டார். எல்லாம் பளிச்சுனு தெரியுது, உங்க சித்திக்கு இவ்வளவு நரைச்சிருக்குன்னு இப்போதான் தெரியுது. நீ அந்தத் தூக்கக் கதையை ஊரெல்லாம் சொல்றியாமே. சொல்லு. ஆனா நான் ஏமாந்தேன்னு சொல்லாதே. அவ தூங்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். தூங்கறவங்களுக்கு விரல் தளர்ந்து விரிஞ்சிரும். அவ மடியில இருந்த பையை நகம் வெளுக்கிற மாதிரி பிடிச்சிருந்தா. கிட்டக்கப் போய்ப் பார்த்தேன். என் வண்டியிலயே ஒரு நாளும் கண்ணை மூடாதவ. இன்னொருத்தர் ஓட்டுற வண்டி, மலை ரோடு, எதிர்ல லாரி, அப்படியும் திறக்கல. எவ்வளவு பயந்திருப்பா. இன்னும் ஒரு வளைவு அவளை அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரல. அதான் கையெழுத்துப் போட்டேன். இதை அவகிட்ட சொல்லிடாதே. என்னை ஏமாத்திட்டோம்னு இன்னும் சந்தோஷமா இருக்கா."